உடம்பில் படும் சொல்



தமிழ்த்துறை நடத்தும் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நரம்பியல் மருத்துவன் ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். துணிச்சல்தான். இந்த மேடையில் சங்க இலக்கியமும் கல்வெட்டும் பேசப்பட்டிருக்கும். நான் அன்றாடம் புரட்டுவது கேஸ் ஷீட்டும் ஸ்கேன் படமும். அவற்றோடு பழகிப் பழகி எனக்குள் உறுதிப்பட்ட ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். மொழி உடம்பில் நடக்கிற காரியம். காதில் விழுந்த சொல் பொருள் புரிந்ததோடு நின்றுவிடுவதில்லை. நரம்பு, சுரப்பி, தோல் வரைக்கும் இறங்குகிறது. அப்படியென்றால் நோயாளியிடம் நாங்கள் பேசும் பேச்சும் சிகிச்சையில் சேர்த்திதான். அதற்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு.

தொடங்குவதற்கு முன் ஒரு குப்பையை ஒதுக்கிவிடுகிறேன். ழகரத்தைச் சரியாக உச்சரித்தால் நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது, அதனால் மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தூண்டப்படுகிறது, ஆகவே தமிழருக்கு அறிவு அதிகம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிட்யூட்டரி, மண்டையோட்டின் அடியில் ஓர் எலும்புக் குழிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. நாக்கு நுனி அசைந்ததெல்லாம் அதற்குத் தெரியாது. தவிர, ழகரம் சொல்லும்போது நாக்கு அண்ணத்தை அழுத்துவதுமில்லை. அதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். தமிழின் பெருமைக்கு இப்படியொரு முட்டு தேவையில்லை. மெய்யாகவே நடப்பது இதைவிட வியப்பானது.

பிறப்பிலிருந்து வருவோம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் குரல் குழந்தைக்குக் கேட்கிறது. சொற்கள் தெளியாது, ஏற்ற இறக்கம் போய்ச் சேரும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் காத்லீன் வெர்ம்கேயின் குழு, பிறந்து ஐந்து நாள்கூடத் தாண்டாத 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. பாதிப் பேர் பிரெஞ்சு பேசும் வீட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் ஜெர்மன் வீட்டுப் பிள்ளைகள். பிரெஞ்சுப் பிள்ளைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் பிள்ளைகளின் அழுகை மேலே தொடங்கிக் கீழே இறங்கியது. அந்தந்த மொழியின் பேச்சு ராகமும் அப்படித்தான் போகிறது. ஆக, குரல்வளையும் மூச்சும் வீட்டு மொழிக்குப் பழகிய பிறகுதான் பிள்ளை வெளியே வருகிறது.

காதும் அப்படியே பழகுகிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் கனடாவின் வான்கூவரில் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஹிந்தியின் தகர, டகர ஒலிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பிடிபடவில்லை. வீட்டில் புழங்காத வேறுபாட்டை மூளை அந்த வயதிலேயே ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது. நம் பிள்ளைகளுக்குப் பத்தும் பட்டும் வேறு வேறு என்பதில் சிரமமே இல்லை. வெளிநாட்டிலிருந்து தமிழ் படிக்க வரும் உங்கள் மாணவர் அங்கேதான் திணறுவார். அவர் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி நான் வேலை பார்க்கும் வார்டுக்கு வாருங்கள்.

நெல் வியாபாரம் செய்யும் ஒருவர், வயது அறுபதுக்கு மேல். காலையில் பல் துலக்கும்போது வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. மூளையின் இடதுபுறம் ரத்தக்குழாய் அடைப்பு. ஒரு வாரம் கழித்து நான் சாவியைக் காட்டி இது என்ன என்று கேட்கிறேன். தெரிகிறது, இடது கையால் பூட்டுத் திறப்பதுபோல் திருகிக் காட்டுகிறார். வாயில் மட்டும், "அது… அது…" மகள் பக்கத்தில் நின்று, "சாவிப்பா, சாவி" என்கிறாள். அவருக்குக் கண் கலங்குகிறது. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினார். வாயால் சொல்லுங்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, மூன்றில் நிறுத்திக்கொண்டார். 'மூணு' என்ற சொல் தனியாக வரவில்லை. வரிசையில் ஏற்றினால் வந்தது. அன்று மாலை மகள் முருகன் பாட்டு ஒன்றை மெல்லப் பாடியபோது, அவரும் சொல் பிசகாமல் சேர்ந்து பாடினார். செவிலியர்கள் கூடிவிட்டார்கள். கோபம் வந்தபோது ஒரு கெட்ட வார்த்தையும் சுத்தமாக வந்தது. மகளுக்கு வெட்கம், எனக்குப் பரம திருப்தி.

பாரிஸில் பால் புரோக்கா 1861இல் பார்த்ததும் இதைத்தான். பிசேத்ர் மருத்துவமனையில் லபோர்ஞ் என்ற நோயாளி. எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதே பதில். அவர் சொல்வது யாருக்கும் புரியாதபோது கோபம் தலைக்கேறி ஒரே ஒரு வசைச்சொல் மட்டும் முழுசாக வரும் என்று புரோக்கா எழுதிவைத்திருக்கிறார். லபோர்ஞ் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்து, இடது முன்மடலில் சிதைவைக் கண்டார். பேச்சுக்கு இடம் இதுதான் என்று உலகம் சொல்ல ஆரம்பித்தது. அந்த மூளையைப் பாரிஸில் ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாத்துவைத்திருந்தார்கள். 2007இல் அதையே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, சிதைவு புரோக்கா கண்ணால் கண்டதைவிட வெகு ஆழத்துக்குப் போயிருந்தது தெரிந்தது. யோசித்துக் கோத்துப் பேசும் பேச்சு ஒரு வழியிலும், எண்ணிக்கை, பாட்டு, வசவு போன்ற மனப்பாடப் பேச்சு பெருமளவு வேறு வழிகளிலும் போகின்றன. இதை வைத்துத்தான் பாஸ்டனில் 1973இல், சொல்லை ராகத்தில் ஏற்றிப் பேச்சை மீட்கும் சிகிச்சை முறையை அறிமுகப்படுத்தினார்கள். "தண்ணி வேணும்" என்பதை இரண்டு சுரத்தில் பாடவைத்து, இடது கையால் தாளம் தட்டவைத்து, பிறகு மெல்ல ராகத்தைக் கழற்றுவார்கள். எல்லோருக்கும் பலிக்காது. பலிப்பவர்களுக்கு அது பெரிய வரம்.

பேச்சு ஒரே மூலையில் குடியிருக்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்று கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. 2004இல் ஓலாஃப் ஹாக் குழுவினர், ஸ்கேனுக்குள் படுத்திருந்தவர்களை நக்குதல், பொறுக்குதல், உதைத்தல் போன்ற செயல்களுக்கான சொற்களை மனத்துக்குள் படிக்கச் சொன்னார்கள். நக்குதல் என்றதும் முகத்தையும் நாக்கையும் அசைக்கும் பகுதிக்குப் பக்கத்தில், உதைத்தல் என்றதும் காலை அசைக்கும் பகுதிக்குப் பக்கத்தில் மூளை விழித்துக்கொண்டது. கால் அசையவே இல்லை. ஸ்பெயினில் 2006இல் இன்னொரு குழு வாசனைப் பொருள்களின் பெயர்களைப் படிக்கக் கொடுத்தபோது, மூளையில் மணம் அறியும் பகுதி கிளர்ந்தது.

எழுத்தறிவு பற்றிக் கொஞ்சம். பேச்சு மனித இனத்துக்கு மிகப் பழையது. எழுத்து சில ஆயிரம் ஆண்டுச் சங்கதி. மூளையில் எழுத்துக்கென்று இயற்கை எந்த அறையும் கட்டிவைக்கவில்லை. இருந்தும் படிக்கக் கற்றவர்களின் மூளையில் இடதுபுறம், பின்பக்கம் கீழாக, ஓர் இடம் எழுத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. 1892இல் டெஜெரின் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த நோயாளி ஒருவர் வாதத்துக்குப் பிறகு நன்றாக எழுதுவார். தான் எழுதியதைத் தானே படிக்க முடியாது. எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, விரலின் அசைவிலிருந்து அது இன்ன எழுத்து என்று கண்டுபிடிப்பார். கண் மறந்ததைக் கை மறக்கவில்லை.

இளவயதில் படிக்காதவர்களுக்கு இந்த மாற்றம் வராதா? வரும். ஸ்தனிஸ்லாஸ் டெஹேன் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பெரியவர்களான பின் கற்றவர்கள், பள்ளியில் கற்றவர்கள் ஆகிய மூவகையினரையும் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தபின் கற்றவர்களின் மூளையிலும் அந்த இடம் எழுத்துக்கு இசைந்திருந்தது. 2017இல் லக்னோ பக்கத்துக் கிராமங்களில் முப்பது வயதை ஒட்டிய பெண்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்றுக்கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் மேற்புறணி மட்டுமல்லாமல், அடியிலுள்ள தலாமஸ், மூளைத்தண்டு வரை இணைப்புகளில் மாற்றம் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்களே, அவர்களுக்கு யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உலக இதழ்களில் நம் ஊர்ப் பெயர் வந்திருக்கும். வராவிட்டாலும் மாற்றம் மாற்றம்தான்.

இப்போது வலிக்கு வருகிறேன். இன்றைக்கு நான் பேச வந்ததே இதைத்தான்.

வலி வந்தால் "அம்மா" என்கிறோம், "ஐயோ" என்கிறோம். ஏன் கத்துகிறோம்? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2015இல் கையைச் சில்லென்ற தண்ணீரில் வைத்துச் சோதித்தார்கள். வாய்விட்டுக் கத்தியவர்கள் சும்மா இருந்தவர்களைவிட அதிக நேரம் தாங்கினார்கள். தன் குரலைப் பதிவு செய்து காதில் போட்டபோது பலனில்லை. ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னபோது ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. அதாவது, உடம்பு ஏதாவது செய்தாக வேண்டும். கத்துவது அப்படியொரு செயல். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் 2009இல் காட்டியது இன்னும் சுவாரஸ்யம்: கெட்ட வார்த்தை சொன்னவர்கள், சாதாரணச் சொல்லைச் சொன்னவர்களைவிடப் பனித்தண்ணீரில் அதிக நேரம் கை வைத்திருந்தார்கள், இதயத்துடிப்பும் ஏறியது. பிரசவ வார்டில் கத்தும் பெண்ணை "கத்தாதே" என்று அதட்டும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. அந்தத் தாயின் கையிலிருக்கும் ஒரே மருந்தைப் பிடுங்குகிறோம் என்று தெரியாமல்தான் செய்கிறோம்.

அடுத்தவர் சொல் என்ன செய்கிறது? பாஸ்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு. குழந்தை பெறப்போகும் 140 பெண்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும் நேரம். ஒரு சாராரிடம், இந்த இடம் மரத்துப்போகும், உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும் என்று சொன்னார்கள். மற்றவர்களிடம், பெரிய தேனீ கொட்டுவதுபோல் இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம் என்று சொன்னார்கள். ஊசியும் மருந்தும் ஒன்றே. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது முதல் சாராரின் நடு மதிப்பு 3, இரண்டாம் சாராருக்கு 5. அதற்கு முன் 2005இல் எல்விரா லாங் என்ற கதிரியக்க மருத்துவரின் குழு, சிகிச்சை அறைகளில் எடுத்த ஒளிப்பதிவுகளை ஆராய்ந்து, வலிக்கும், குத்தும் என்று முன்கூட்டி எச்சரித்தால் வலியும் பதற்றமும் கூடுவதாகச் சொல்லியிருந்தது. வலித்த பிறகு அதே சொற்களில் ஆறுதல் சொன்னால் வலி கூடவில்லை, பதற்றம் கூடியது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நம் செவிலியர்களின் எறும்புதான் நினைவுக்கு வந்தது. ஊசி போடும்போது தமிழ்நாடு முழுக்க ஒரே வாக்கியம்: "ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." இந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். 'ஒண்ணுமில்ல' வலியைச் சுருக்குகிறது. 'கண்ணு' உறவாக்குகிறது. 'எறும்பு' வலியைக் கூப்பிட்டுவிட்டு அதன் உருவத்தைக் குறுக்குகிறது. பாஸ்டன் தேனீயைவிட நம் எறும்பு சாது என்பது என் கட்சி. ஆனால் அதே அறையில், "ரொம்ப வலிக்கும், பல்லைக் கடிச்சுக்கோ" என்பவர்களும் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். உடம்பு எண்ணத்தைப் பார்ப்பதில்லை, சொல்லைப் பார்க்கிறது.

இது மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. 1978இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு வெறும் போலி மருந்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு நாலாக்சோன் கொடுத்தார்கள். அது அபினி வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது. அவர்களுக்கு வலி திரும்பி வந்தது. ஆக, நம்பிக்கையால் குறைந்த வலி, மூளை தானே சுரந்த எண்டார்ஃபினால் குறைந்த வலி. இத்தாலியின் டூரினில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு, அவருக்குத் தெரியாமல் இயந்திரம் வலிநிவாரணியைச் செலுத்தினால் பலன் குறைகிறது. மருத்துவர் பக்கத்தில் நின்று இது வலிக்கு மருந்து என்று சொல்லிச் செலுத்தினால் கூடுகிறது. அல்ஸைமர் நோயாளிகளில், முன்மடலின் தொடர்பு நைந்துபோனவர்களிடம் இந்தக் கூடுதல் பலன் மறைந்துவிடுவதை 2006இல் காட்டினார். சொல்லை வாங்கிக்கொள்ள ஆளில்லாதபோது, அந்த இடத்தை மருந்தைக் கூட்டித்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பக்கவிளைவு தாங்காமல் கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேர். சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. எது நிஜம் எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. நிஜ மாத்திரையில் வந்த தொல்லைகளில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தன. கால் குடைச்சல் பொய்யில்லை, அது குடைந்தது. குடையச் செய்ததில் பெரும்பங்கு, மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்ட செய்திக்கு. முடிவைச் சொன்னபோது பாதிப் பேர் மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மாரடைப்பு வந்தவரை ஸ்டாட்டின் விடச்சொல்லும் வாட்ஸ்அப் செய்திகள் நமக்குத் தினம் வருகின்றன. முன்பு சொன்ன ழகரச் செய்தி யாரையும் கொல்லாது. இது கொல்லும்.

உண்மையை மறைக்கச் சொல்கிறேனா என்று பின்வரிசையில் யாராவது நினைக்கலாம். பக்கவிளைவைச் சொல்லாமல் விட எனக்கு உரிமையில்லை. நூற்றுக்கு ஐந்து பேருக்கு வாந்தி வரலாம் என்பதும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒன்றும் செய்யாது என்பதும் ஒரே உண்மைதான். எதை முதலில் சொல்வது என்பது என் கையில் இருக்கிறது.

எந்த மொழியில் சொல்வது என்பதும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஹாரிஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வில், துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களின் விரல்நுனியில் வியர்வையை அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். சிறுவயதில் பெற்றோர் திட்டும் வாசகங்களை இரண்டு மொழியிலும் கேட்கவைத்தார்கள். ஆங்கிலத்தில் கேட்டபோது பெரிதாக ஒன்றுமில்லை. தாய்மொழியில் கேட்டபோது தோல் வியர்த்தது. "உனக்கு வெட்கமாயில்ல?" என்று அம்மா கேட்ட குரலை நினைத்துப் பாருங்கள், ஆய்வுக்கூடம் தேவைப்படாது. இதற்கு நேர்மாறாக எங்கள் ரவுண்ட்ஸ் நடக்கிறது. கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஆங்கிலத்தில் பேசுகிறோம். நோயாளிக்கு இடையிடையே 'ஃபெயிலியர்', 'பேட்' என்று உதிரிச் சொற்கள் மட்டும் விழுகின்றன. நாங்கள் நகர்ந்ததும் அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம், "என்னய்யா சொல்லிட்டுப் போறாங்க?" என்கிறார். நாடி பிடித்துப் பார்த்தால் அப்போது ஓடும் ஓட்டம் தெரியும்.

இரண்டு மொழி தெரிந்தால் மூளைக்கு நல்லதா என்று எங்கே போனாலும் கேட்கிறார்கள். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியின் குழு 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் எழுதியது: பல மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தி வந்திருக்கிறது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. அதனால் இது படிப்பின் பலன் என்று எளிதில் தள்ள முடியாது. வேறு ஆய்வுகள் சில ஒத்துவரவில்லை, சண்டை ஓயவில்லை. கடைத்தெருவில் தெலுங்கும் தக்கனியும் ஹிந்தியும் மாற்றி மாற்றிப் பேசும் ஊர்க்காரரைத்தான் அந்த ஆய்வு பார்த்தது. எல்.கே.ஜி. ஆங்கிலத்துக்குக் கட்டும் பணத்துக்கு இதைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

துறைத்தலைவரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தின் தமிழை வாசித்தால் நல்ல உடம்புக்காரருக்கே மயக்கம் வரும். ஒரு வாக்கியம் ஏழு வரி, அதில் 'மரணம்' என்ற சொல் முதல் வரியிலேயே. ஊசி போடுமுன், மயக்க மருந்து கொடுக்குமுன், பிரசவ அறையில் என்ன சொல்கிறார்கள் என்பதை உங்கள் முதுகலை மாணவர்கள் இரண்டு பேர் வார்டில் உட்கார்ந்து எழுதி எடுக்கட்டும். திருநெல்வேலிக்காரர் ஒரு மாதிரி சொல்வார், கோயம்புத்தூர்க்காரர் வேறு மாதிரி. அந்த வட்டார வழக்கோடு எடுங்கள். அவற்றிலிருந்து ஒரு தாளில் அடங்கும்படி சில வாக்கியங்களைத் தேர்ந்து கொடுங்கள். வலி எண்ணிக்கையை இரண்டு வகை வாக்கியத்துக்கும் அளந்து பார்ப்பதை நாங்கள் செய்கிறோம். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குவது என் பொறுப்பு. எறும்பை முதலில் சோதிக்கலாம் என்பது என் விருப்பம். செவிலியர் கண்காணிப்பாளர் அம்மாவிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதித்துவிட்டார்.